529 பணத்தை யார் பெயரில் எடுப்பது?

அமெரிக்காவில் பிள்ளையின் படிப்புக்காகப் போடும், வரிச்சலுகை உள்ள சேமிப்பான 529 கணக்கில் பணம் சேர்ப்பதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு எடுப்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. எடுக்கும்போது மூன்று வழி உண்டு: பெற்றோரின் வங்கிக் கணக்கு, பிள்ளையின் கணக்கு, நேரே கல்லூரி. எங்கள் மகளுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பெற்றோர் கணக்கு வசதிதான். டியூஷன், வாடகை, மளிகை எல்லாவற்றையும் நம் கையாலேயே கட்டலாம்.

ஆனால் பணம் எடுத்ததைக் காட்டும் 1099-கியூ என்ற வரிப் படிவம் யார் பெயருக்கு வருகிறது என்று பாருங்கள். பணம் பெற்றோருக்குப் போனால் பெற்றோரின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் வரும். பிள்ளைக்கோ கல்லூரிக்கோ போனால் பிள்ளையின் எண்ணில். எடுத்த தொகை முழுவதும் தகுதியான செலவுக்குள் (டியூஷன், தங்குமிடம், சாப்பாடு போன்றவை) அடங்கிவிட்டால் யாரும் ரிட்டர்னில் எதுவும் காட்ட வேண்டாம், ரசீதுகளைப் பத்திரப்படுத்தினால் போதும். அடங்காதபோதுதான் பெயர் முக்கியமாகிறது. அதற்கு அடிக்கடி காரணமாவது ஏஓடிசி (அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி டாக்ஸ் கிரெடிட்) என்ற, கல்லூரிச் செலவுக்கான வரிச்சலுகை. முழு 2,500 டாலர் கிடைக்க 4,000 டாலர் செலவை அதற்கென்று ஒதுக்க வேண்டும்; அதே செலவை 529 கணக்கிலும் காட்டக் கூடாது.

2025 ஆம் ஆண்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். எடுத்தது 24,000 டாலர், அதில் வளர்ச்சி (போட்டதற்கு மேல் பெருகியது) 9,000. செலவும் 24,000. ஏஓடிசிக்கு 4,000 போனால் மிச்சம் 20,000. எடுத்ததில் ஆறில் ஒரு பங்குக்குச் செலவு இல்லை, ஆகவே வளர்ச்சியிலும் ஆறில் ஒரு பங்கு, 1,500 டாலர், வரிக்கு உட்படும். பெற்றோர் 24 சதவீத வரம்பில் இருந்தால் 360 டாலர் வரி. வேறு வருமானமில்லாத மகளின் பெயரில் என்றால் வரியில்லாத முதல் 1,350 கழிந்து, மீதி 150க்கு 10 சதவீதம்: 15 டாலர். அவளும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஏஓடிசிக்குச் செலவை ஒதுக்கியதால் வந்தது என்பதால், தகுதியில்லாத எடுப்புக்கு வழக்கமாக உள்ள 10 சதவீதக் கூடுதல் வரி இல்லை. அந்த விலக்கை ஃபார்ம் 5329இல் காட்ட வேண்டும்.

பிள்ளைக்கு வட்டி, டிவிடெண்ட் எல்லாம் சேர்த்து 2,700 டாலரைத் தாண்டினால் இந்த லாபம் சுருங்கும். தாண்டிய தொகைக்குப் பெற்றோரின் வரி விகிதம்தான். எங்கள் வீட்டில் அந்த நிலை வரவில்லை.

கல்லூரிக்கு நேரே அனுப்பினாலும் படிவம் பிள்ளைக்குத்தான், வரியில் வித்தியாசமில்லை. நாங்கள் அப்படி அனுப்பிப் பார்த்ததில்லை. ஆனால் வெளியே அறை எடுத்துத் தங்கும் பிள்ளையின் வாடகையைக் கல்லூரி வழியாகக் கட்ட முடியாதே. குறைந்தது பாதி நேரப் படிப்பில் இருந்தால் அந்த வாடகையும், கல்லூரி தன் செலவுப் பட்டியலில் காட்டும் தொகை வரை, தகுதியான செலவுதான்.

எந்த வழியானாலும் செலவும் எடுப்பும் ஒரே காலண்டர் ஆண்டில் இருக்கட்டும். வசந்தகாலப் பருவத்தின் கட்டணத்தை டிசம்பரில் கட்டினால், அதற்கான பணத்தையும் டிசம்பர் 31க்குள் எடுத்துவிடுங்கள்.