ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸா, சேவிங்ஸ் பிளானா?

எங்கள் குழுவின் சர்வர்கள், சர்வர்களை வாடகைக்குத் தரும் அமேசான் வெப் சர்வீசஸில் ஓடுகின்றன. சென்ற முறை எடுத்திருந்த ஓராண்டு ஒப்பந்தம் முடிந்ததும், அடுத்து எந்தக் கட்டண முறைக்குப் போவது என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன்பணம் இல்லாத ஓராண்டு கம்ப்யூட் சேவிங்ஸ் பிளானை (மணிக்கு இவ்வளவு செலவிடுவோம் என்று ஒப்புக்கொண்டு தள்ளுபடி பெறும் முறை), அதுவும் எங்கள் சராசரிப் பயன்பாட்டைவிடக் குறைவான தொகைக்கு எடுத்தோம்.

ஆன் டிமாண்ட் முறையில் விளக்க அதிகமில்லை. ஓடிய நேரத்துக்கு முழு விலை. லினக்ஸ் சர்வர்களுக்கு 2017 முதல் நொடிக்கணக்கு. தள்ளுபடி இல்லை என்பதற்காக அதை ஒதுக்கிவிடவும் முடியாது. வேலை நாட்களில் 12 மணிநேரம் மட்டும் தேவைப்படும் சோதனைச் சர்வர் ஒன்று, வாரத்தின் 168 மணிநேரத்தில் 60 மணிநேரமே ஓடும். மற்ற நேரத்தில் அணைத்து வைத்தால், டிஸ்க் கட்டணம் நீங்கலாக, 64 சதவீதம் மிச்சமாகிறது. ஓராண்டு ஒப்பந்தம் எதுவும் இதற்கு அருகில் வருவதில்லை.

ஸ்பாட் என்பது அமேசானிடம் விற்காமல் கிடக்கும் சர்வர் திறனை 90 சதவீதம் வரை குறைத்துத் தரும் முறை. திரும்ப வேண்டுமென்றால் 2 நிமிட அவகாசத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். பாதியில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய இரவுநேர அறிக்கைத் தயாரிப்புக்கு மட்டுமே நாங்கள் அதைப் பயன்படுத்தியிருக்கிறோம். ஆகவே, பயனர்கள் நேரடியாகத் தொடும் சர்வர்களுக்கு அது பொருந்துமா என்பதில் என் சொல்லை யாரும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

உண்மையான போட்டி, குறிப்பிட்ட வகைச் சர்வரை ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ எடுப்பதாக ஒப்புக்கொண்டு தள்ளுபடி பெறும் ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸுக்கும் சேவிங்ஸ் பிளானுக்கும்தான். தாளில் பார்த்தால் முன்னது வெல்கிறது: அதன் உச்சத் தள்ளுபடி 72 சதவீதம், கம்ப்யூட் சேவிங்ஸ் பிளானுக்கு 66. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கிடைக்கும் அந்த உச்சங்களை நாங்கள் தொட்டதில்லை. மேலும், ஸ்டாண்டர்டு ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸை வேண்டாமென்றால் மறுவிற்பனைச் சந்தையில் விற்கலாம். சேவிங்ஸ் பிளானை விற்கவே முடியாது.

அந்த விற்கும் வசதியை நம்பித்தான் முதல் முறை ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் எடுத்தோம். மூன்றாம் மாதமே, விலை குறைவு என்பதால், அமேசானின் சொந்தச் சிப்பில் ஓடும் கிராவிட்டான் சர்வர்களுக்கு மாறினோம். பழைய சர்வர் வகையோடு கட்டுண்ட ஒப்பந்தம் அப்படியே நின்றது. விற்கப் போனபோதுதான், விற்பவருக்கு அமெரிக்க வங்கிக் கணக்கு வேண்டும், விற்ற தொகையில் 12 சதவீதம் கட்டணமாகப் போய்விடும் என்ற விதிகளைப் படித்தோம். வாங்கும் முன்பே படித்திருக்க வேண்டியவை, தவறு எங்களுடையதுதான். கம்ப்யூட் சேவிங்ஸ் பிளான் சர்வர் வகை, ரீஜன் (சர்வர் இருக்கும் பகுதி), இயங்குதளம் எது மாறினாலும் கூடவே வரும். சர்வரை நாமே நிர்வகிக்காமல் நிரலை ஓட்ட உதவும் ஃபார்கேட், லாம்டா சேவைகளின் பயன்பாட்டுக்கும் செல்லும். டிஸ்க், வெளியே போகும் டேட்டா ஆகியவற்றின் கட்டணத்தை அது தொடாது.

ஆனால் தள்ளுபடி விகிதத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. நீங்கள் ஒப்புக்கொள்வது மாதத் தொகை அல்ல, மணிக்கணக்குத் தொகை. ஒரு மணிநேரத்தில் பயன்படுத்தாதது அடுத்த மணிநேரத்துக்குச் சேராது. தள்ளுபடி 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டு ஒரு நாளைக் கணக்கிடுவோம். பகல் 14 மணிநேரம் ஆன் டிமாண்ட் விலையில் மணிக்கு 17.50 டாலர், இரவு 10 மணிநேரம் மணிக்கு 7.50 டாலர் ஆகிறது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் நாளுக்கு 320 டாலர். சராசரியை ஒட்டி மணிக்கு 10 டாலருக்கு ஒப்புக்கொண்டால் (தள்ளுபடியால் அது ஆன் டிமாண்ட் விலையில் 12.50 டாலர் பயன்பாட்டை ஈடுகட்டும்), பகலில் மிஞ்சும் தேவைக்கு முழு விலையாக 5 டாலர் கூடி 15 ஆகிறது. இரவில் தள்ளுபடி போக 6 டாலருக்கே வேலை இருந்தாலும் 10 டாலர் போகிறது. மொத்தம் 310. இரவுத் தேவையான 6 டாலருக்கு மட்டும் ஒப்புக்கொண்டால், பகலில் முழு விலைக்கு 10 டாலர் கொடுத்தும்கூட மொத்தம் 284தான். அதிகமாக ஒப்புக்கொண்டவருக்கு 10 டாலர் மிச்சம், குறைவாக ஒப்புக்கொண்டவருக்கு 36.

இதனால்தான் மொத்தமாக வாங்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறு தொகைக்கு ஒரு பிளான் என்று அடுக்கிக்கொண்டு போகிறோம். ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதத்தில் முடிவதால், தேவை குறைந்தால் ஒன்றைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும்.

எவ்வளவுக்கு வாங்கலாம் என்ற பரிந்துரையை அமேசானின் செலவுக் கணக்குக் கருவியான காஸ்ட் எக்ஸ்ப்ளோரரே தருகிறது. அது கடந்த 7, 30 அல்லது 60 நாள் பயன்பாட்டை வைத்துக் கணக்கிடுவதால், யாரும் கவனிக்காமல் வீணாக ஓடும் சர்வரையும் தேவை என்றே எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு வந்த பரிந்துரையில் அப்படி இரண்டு சர்வர்கள் இருந்தன, யாரோ சோதனைக்காகத் தொடங்கி மறந்துபோனவை. அவற்றை அணைத்து, 30 நாள் காத்திருந்து, புதிதாக வந்த எண்ணைப் பார்த்த பிறகே முதல் பிளானை வாங்கினோம்.