டெஸ்ட்டிஸ்க்: ஃபைல்களை மீட்கக் காசு கொடுக்கும் முன் இதை ஓட்டிப் பாருங்கள்

செங்கோட்டை, புளியரை பக்கம் மழைக்காலத்தில் ஃபைல் காப்பி ஓடும்போதே கரண்ட் போனால், ஸ்டுடியோக்காரர்களின் எக்ஸ்டர்னல் டிஸ்க் கல்யாணப் படங்களோடு 'ரா' (RAW) என்று காட்டும், அதாவது உள்ளே இருப்பதை விண்டோஸால் படிக்க முடியவில்லை. விண்டோஸ் கேட்கும் ஃபார்மேட்டுக்கு 'வேண்டாம்' கொடுங்கள். விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கும் கூடாது, சரிசெய்கிறேன் என்று மிச்சத்தையும் கலைத்துவிடும்.

தொலைந்த பார்ட்டிஷனையும் (டிஸ்க்கின் பிரிவு) ஃபைல்களையும் மீட்கும் மென்பொருளான டெஸ்ட்டிஸ்க் இலவசம். கறுப்புத் திரை, மவுஸ் வேலை செய்யாது, பழகிவிடும். டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அனலைஸ், பிறகு குவிக் சர்ச். பழைய பார்ட்டிஷன் தெரிந்ததும் 'பி' அழுத்தினால் ஃபைல் பட்டியல் வரும். சிறிய 'ஏ' எல்லாவற்றையும் குறிக்கும், பெரிய 'சி' நகலெடுக்கும். சேமிப்பது வேறு டிஸ்க்கில்தான். பட்டியலைப் பார்க்காமல், பார்ட்டிஷன் விவரத்தை டிஸ்க்கிலேயே எழுதிவிடும் 'ரைட்' கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

பட்டியல் காலியா? கூடவே வரும் போட்டோரெக் படங்களை மீட்கும். ஆனால் ஃபைல் பெயரும் ஃபோல்டரும் போய்விடும். எந்தக் கல்யாணம் எது என்று பிரிப்பது தனி வேலை.

டிஸ்க் 'டிக் டிக்' என்றால் எந்த மென்பொருளும் வேண்டாம், வயரைக் கழற்றுங்கள். உள்ளே படிக்கும் ஹெட் பழுதாக இருக்கலாம்; ஓட ஓட, டேட்டா இருக்கும் தட்டு கீறும். சத்தமில்லாமல் படிப்பது மட்டும் திணறினால், லினக்ஸில், பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவால் மேப்ஃபைலோடு (எதுவரை படித்தது என்ற குறிப்பு) வேறு டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, அந்த நகலில் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டுங்கள். மேப்ஃபைல் இருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.