கோஸ்ட் இன் தி ஷெல்: பச்சையா, ஆரஞ்சா?

மமொரு ஓஷியி இயக்கிய ஜப்பானிய அனிமேஷன் படம் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று 1995 நவம்பரில் ஜப்பானில் திரைக்கு வந்த மூலப்படம். மற்றது 2008 ஜூலையில் ஓஷியியே திருத்தி வெளியிட்ட ‘2.0’. கதையும் காட்சி வரிசையும் ஒன்றுதான். பெயரும் ஏறக்குறைய ஒன்று என்பதால், எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே பலர் 2.0-வில் தொடங்கிவிடுகிறார்கள். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அது பெரிய இழப்பு.

எது ஓடுகிறது என்பதை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடிக்கலாம். தொடக்கத்தில் வரும் வரைபடத் திரை பச்சையாக ஒளிர்ந்தால் 1995. ஆரஞ்சாக ஒளிர்ந்தால் 2.0. அடுத்து மொட்டைமாடியில் நிற்கும் மேஜர் குசனகியை, செயற்கை உடல் கொண்ட கதாநாயகியைப் பாருங்கள். 1995-இல் அவள் கையால் வரைந்த உருவம், 2.0-வில் வழவழப்பான கணினிப் பொம்மை.

நிறம் மாறியதற்குக் காரணம் உண்டு. 2004-இல் வந்த அடுத்த பாகம் ‘இன்னொசென்ஸ்’ முழுக்க அம்பர் வெளிச்சத்தில் குளித்த படம். முதல் படத்தையும் அதன் சாயலுக்குக் கொண்டுவர ஓஷியி விரும்பினார். ஆனால் அந்தப் பச்சைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பச்சை எண்கள் திரையில் ஓடி, கலைஞர்களின் பெயர்களாக மாறும் 1995-இன் எழுத்தோட்டம்தான் 1999-இல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தின் பச்சை எழுத்து மழைக்கு முன்னோடி. பிடரியில் செருகும் இணைப்புக் கம்பி, தோட்டா பட்டுத் துகள்துகளாகச் சிதறும் தூண்கள், சந்தைத் துரத்தலில் வெடிக்கும் தர்பூசணி என்று இன்னும் பலவும் அங்கே போயின. ‘தி மேட்ரிக்ஸ்’ இயக்குநர்களான வச்சோவ்ஸ்கிகள் இந்தப் படத்தைத் தயாரிப்பாளர் ஜோயல் சில்வருக்குப் போட்டுக் காட்டித்தான் தாங்கள் எடுக்க நினைத்ததை விளக்கினார்கள். இந்த வழித்தடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மூலப்படம்தான் வேண்டும். 2.0-வில் அந்தப் பச்சையே இல்லை.

உருவங்களில் நடந்த மாற்றம் இன்னும் பெரிய சிக்கல். தொடக்கப் பாய்ச்சல், குசனகியின் உடல் உருவாகும் காட்சி, கடலில் மூழ்கி எழும் காட்சி ஆகியவற்றில் முப்பரிமாண வரைகலை வந்திருக்கிறது. மீதிப் படம் பெரும்பாலும் பழைய செல் ஓவியமாகவே, அதாவது ஒளிபுகும் தாளில் கையால் வண்ணமிட்டதாகவே, விடப்பட்டது. செல் ஓவியத்தில் கோடு உண்டு, தட்டையான வண்ணம் உண்டு, 35 மி.மீ. பிலிமின் துகளும் உண்டு. கணினி உருவத்தில் இவை எதுவும் கிடையாது. நிழல் மட்டும் நயமாக விழும். கூரையிலிருந்து குதிப்பவள் ஒருத்தி, அடுத்த ஷாட்டில் பேசுபவள் வேறொருத்தி என்று ஆகிவிடுகிறது. கண் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தான் யார், தன் உடல் யாருடையது என்று ஒருத்தி கேட்கும் படத்தில், அவள் உருவமே ஷாட்டுக்கு ஷாட் மாறுவது கேள்வியின் கூர்மையை மழுக்குகிறது.

நல்ல வேளையாக, படத்தின் உச்சங்கள் பல கைபடாமல் தப்பின. ஹாங்காங்கை மாதிரியாக வைத்து வரைந்த நகரத்தின் ஊடே வசனமே இல்லாமல் சுமார் மூன்று நிமிடம் நகரும் பகுதி அவற்றில் ஒன்று. படகில் போகும் குசனகி, கண்ணாடிக்குப் பின்னால் தன் முகமே கொண்ட இன்னொருத்தியைக் காண்கிறாள். மழை பிடிக்கிறது, கடைகளில் பொம்மைகள் நிற்கின்றன. இறுதியில், கவச வண்டியின் தோட்டாக்கள் சுவரில் செதுக்கிய பரிணாம மரத்தைத் துளைத்தபடி மேலேறி, மனித இனத்தின் பெயருக்குச் சற்றுக் கீழே நிற்கும் இடமும் அப்படியே இருக்கிறது.

குரலிலும் ஒரு மாற்றம். ஜப்பானிய மொழியில் ‘நிங்யோசுகாய்’, அதாவது பொம்மலாட்டக்காரர், என்றழைக்கப்படும், பிறர் மனங்களுக்குள் ஊடுருவும் மர்ம ஹேக்கர் பாத்திரத்துக்கு 1995-இல் குரல் கொடுத்தவர் இஎமாசா கயுமி. அந்தப் பாத்திரம் புகுந்திருக்கும் செயற்கைப் பெண்ணுடலிலிருந்து ஓர் ஆணின் கனத்த குரல் வரும்போது, உள்ளே இருப்பதும் வெளியே தெரிவதும் வேறு என்பது ஒரே நொடியில் உறைக்கும். 2.0-வில் யொஷிகோ சகாகிபாரா பேசுகிறார். மிக நல்ல நடிகை. ஆனால் உடலும் குரலும் பொருந்திப்போவதால் அந்த அதிர்ச்சி போய்விடுகிறது.

2.0 வெல்லும் ஒரே இடம் ஒலி. நடிகர்கள் மீண்டும் பேசிப் பதிந்தார்கள். ஸ்கைவாக்கர் சவுண்ட் கூடத்தில் 6.1 சேனலுக்கு முழுதாக மறுகலவை செய்யப்பட்டது. ஜப்பானிய நாட்டார் பாடகிகளைக் கொண்டு, பல்கேரியப் பாணிக் குரல் இணைவில் பண்டைய மணப்பாட்டாக இசையமைப்பாளர் கென்ஜி கவாய் அமைத்த கோரஸ், நல்ல ஒலிபெருக்கிகளில் அறையையே நிறைக்கும். மூலப்படத்தை ஒருமுறையாவது பார்த்தவர்கள் இதற்காகவே 2.0-வைத் தேடிப் போகலாம்.

1995 வடிவத்துக்கு 4கே பதிப்பு வந்திருக்கிறது; வாங்குவதானால் அதையே வாங்குங்கள். பார்க்கும் முன் தொலைக்காட்சியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். வினாடிக்கு 24 சட்டகம் ஓடினாலும், கையால் வரைந்த அசைவில் ஒரே ஓவியம் பல இடங்களில் இரண்டு, மூன்று சட்டகங்களுக்கு நிற்கும். அந்த இடைவெளியைத் தொலைக்காட்சி தானாக நிரப்பப் போனால், ஓடும் கால்களின் விளிம்பில் கோடுகள் இழுபட்டுக் குழம்பும். இரைச்சல் குறைப்பையும் அணையுங்கள். அது பிலிம் துகளை அழுக்கென்று நினைத்துத் துடைக்கும். கூடவே பின்னணி ஓவியத்தின் தூரிகைத் தடத்தையும் துடைத்துவிடும்.