மஞ்சள் வரி மீனைக் காட்டி "சாது" என்று விற்றால் உஷார்

5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். 500 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் தொட்டி. இவ்வளவு பெரிய தொட்டியில் எதை விட்டாலும் ஒதுங்கிப் பிழைக்க இடமிருக்கும் என்று நானும் நினைத்தேன், மீன் விற்றவரும் அதையேதான் சொன்னார். என்னுடையது விவரம் போதாமை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதற்குச் சாட்சியை அவரே என் கையில் கொடுத்தார், அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொட்டியில் செடி வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பின்வரிசையில் ரோட்டாலா, நடுவில் அமேசான் ஸ்வார்டு, மரக்கட்டையில் பாசி. 40 நியான் டெட்ரா, 10 கோரிடோராஸ் மீன்கள், பாசிக்குள் எண்ண முடியாத அளவுக்குச் செர்ரி இறால். தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு) 6.6. எல்லாம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் பார்த்ததும் கண்ணை நிறுத்துகிற மீன் ஒன்று இல்லையே என்று ஒரு குறை. ராம், இல்லையென்றால் அபிஸ்டோகிராமா மாதிரி சிக்லிட் குடும்பத்துச் சின்ன மீன் ஒன்று வேண்டும் என்று கேட்டுப் போனேன். அவர் காட்டியது விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். பொன் மஞ்சள் உடம்பு, அதில் நீளவாக்கில் கறுப்பு வரிகள். "இதுவும் குள்ள ரகம்தான் சார். ராமைவிடத் தாக்குப்பிடிக்கும். செடியைத் தொடாது." தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் "டிவார்ஃப் சிக்லிட் மிக்ஸ்" என்று மட்டும் இருந்தது. இனப்பெயர் கேட்டதற்கு, "பேரெல்லாம் எதுக்கு சார், மீன் நல்லா இருக்கா பாருங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு 8 வாங்கி வந்தேன்.

முதலில் போனது ரோட்டாலாவின் நுனி. காலையில் பார்த்தால் கத்தரியால் வெட்டியதுபோல் துளிர்கள் மேலே மிதக்கும். அடுத்து ஸ்வார்டு. ஒரு மீன் வேரடியில் வாயை வைத்து மண்ணை அள்ளும், ஒரு சாண் தள்ளிப் போய்த் துப்பும், திரும்பி வரும். அரைமணி நேரம் நின்று பார்த்தேன், களைப்பே கிடையாது. மூன்றாம் நாள் செடி வேரோடு மேலே வந்து மிதந்தது. செடிக்கென்று போட்ட மண் உருண்டைகள் நொறுங்கித் தண்ணீரே தேநீர் நிறமானது.

அப்புறம் துரத்தல். நியான்கள் கூட்டமாக நீந்துவதை விட்டுவிட்டு மூலையில் ஒட்டிக்கொண்டன. விற்றவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பி.எச். எவ்வளவு வச்சிருக்கீங்க?" 6.6 என்றேன். "ஐயோ, அதான் மீன் கடுப்பாகுது. பில்டருக்குள்ள ஒரு பை கோரல் துண்டு போடுங்க, 8 பக்கம் கொண்டு வாங்க" என்று பையையும் எடுத்துக் கொடுத்தார்.

அதுதான் சாட்சி. ராமும் அபிஸ்டோகிராமாவும் மென்னீர் மீன்கள், உப்புகள் குறைந்த, லேசான அமிலத் தண்ணீர் வேண்டும். அவற்றோடு சேர்த்துச் சொல்லி விற்ற மீனுக்கு எவரும் பவளத்துண்டு போட்டு 8-க்கு ஏற்றச் சொல்ல மாட்டார்கள். அந்தத் தண்ணீரைக் கேட்பவை ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள். விற்கும்போது மறந்துபோன விவரம், பவளப் பை விற்கும்போது சரியாக ஞாபகம் வந்திருக்கிறது.

எனக்கு அன்றைக்கு இது உறைக்கவில்லை, போட்டேன். ஒரு வாரத்தில் பி.எச். 7.8. மண்ணைக் கிளறி ஏற்கெனவே அமோனியா கலந்திருந்த தண்ணீர். பி.எச். ஓர் அலகு ஏறினால் அந்த அமோனியாவில் நச்சு வடிவில் இருக்கும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். 6.6-இல் பெரிதாக வலிக்காதது 7.8-இல் கொல்லும். துரத்தல் பாதி, தண்ணீர் பாதி, இரண்டுமாகச் சேர்ந்து 29 நியான்களை வாரியது.

இதற்கிடையில் ஒரு மஞ்சள் மீன் சாப்பிடுவதை நிறுத்தியது. தொண்டை உப்பி, வாயை எதையோ மெல்வதுபோல் அசைத்துக்கொண்டே கல் இடுக்கில் நின்றது. வீடியோ எடுத்துக் காட்டினேன். "தொண்டைக் கட்டி சார்" என்று ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். மருந்தில் தாமிரம், இறாலுக்கு அது விஷம். மறுநாள் காலை பாசியெல்லாம் செத்த இறால். இத்தனை நாள் அந்த 8 மீன்களுக்கும் தப்பி ஒளிந்திருந்தவை ஒரு மூடி மருந்தில் போயின. சீட்டைப் படிக்காமல் ஊற்றியது என் தப்பு, அதை மறைக்கவில்லை.

தொண்டைக் கட்டியாம்! அது வாயில் முட்டை சுமக்கும் தாய். மலாவிச் சிக்லிட்களில் பெண் மூன்று வாரம்போல முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்திருக்கும், அதுவரை தீனியைப் பெரும்பாலும் தொடாது. அதே வாரம் பெரிய மீன் ஒன்று நிறம் மாறி உடம்பு கறுத்தது, வரிகள் வெளிறிய நீலமாயின, புகைப்பட நெகட்டிவ் மாதிரி. இரண்டையும் சேர்த்துத் தேடியதும் பெயர் கிடைத்தது: மெலனோக்ரோமிஸ் ஆரட்டஸ். பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் எம்புனா வகை. அந்த வகையிலேயே முரட்டு மீன்களில் ஒன்று. குட்டியும் பெண்ணும் மஞ்சள், ஆதிக்க ஆண் கறுப்பு. 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும்.

பெயரோடு போய் நின்றேன். "உயிருள்ளதைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார். உங்க தொட்டி பெருசுதானே, சமாளிச்சுக்கும்" என்றார். பெரிய தொட்டி என்ன செய்யும்? துரத்த இன்னும் நாலடி கூடுதலாகக் கொடுக்கும். ஆதிக்க ஆணுக்குத் தொட்டி முழுக்கவே தன் எல்லைதான். தவிர, எவ்வளவு பெரிய தொட்டியானாலும் தண்ணீர் ஒன்றுதானே, ஒரு பக்கம் 6.6 இன்னொரு பக்கம் 8 என்று வைக்க முடியாதே.

செடித் தொட்டியில் சிக்லிட் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராம் ஜோடி அருமையாக இருக்கும், வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும், 28 டிகிரி பக்கம். ஏஞ்சல் மீனும் சிக்லிட்தான், வளர்ந்தபின் நியான் அதன் வாய்க்குள் போகும், ஆகவே உடன் விடும் டெட்ராவைப் பெரிதாகப் பாருங்கள். மலாவி மீன்தான் ஆசை என்றால் டெட்ராவை மறந்துவிடுங்கள். கல்லில் கட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கொஞ்சம் வாலிஸ்நேரியா, அவ்வளவுதான் பிழைக்கும். வாங்குமுன் இனப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் தொட்டித் தண்ணீரின் பி.எச்.சை உங்கள் கண்முன் சோதிக்கச் சொல்லுங்கள். "மிக்ஸ்" என்று சீட்டிருக்கும் தொட்டிப் பக்கம் போகாதீர்கள்.

எட்டையும் பாறைத் தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், தாய் மீனை வாயிலிருந்த குஞ்சுகளோடு. பவளப் பையை எடுத்து, பாதி பாதியாகத் தண்ணீர் மாற்றி, ரோட்டாலாவின் மொட்டைத் தண்டுகளிலிருந்து புதுக் கிளைகள் வந்திருக்கின்றன. இரண்டு மாதமாகிறது. மிஞ்சிய 11 நியான்களும் இன்னும் தீனிக்கு வெளியே வருவதில்லை. நான் எழுந்து போன பிறகுதான் பில்டர் குழாய்க்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கின்றன.