தேர் ஈஸ் நோ டெத் (ஃப்ளாரன்ஸ் மேரியட்): பேய்க்கதைன்னு நெனச்சு வாங்காதீங்க

முதல்லயே சொல்லிடறேன், இது நாவல் கிடையாது. ஃப்ளாரன்ஸ் மேரியட் விக்டோரியா ராணி காலத்துல வண்டி வண்டியா நாவல் எழுதின அம்மா, அதோட நடிகை, பாடகி, 'லண்டன் சொசைட்டி' பத்திரிகைக்கு சில வருஷம் ஆசிரியர். ஆனா 1891-ல வந்த இந்த புத்தகம், ஆவி அழைக்கிற கூட்டங்கள்ல தான் நேர்ல பார்த்ததா அவங்க சொல்றதோட பதிவு. நடந்ததை மட்டும்தான் எழுதப்போறேன்னு சொல்லிட்டுதான் ஆரம்பிக்கறாங்க. திகிலா எதாச்சும் படிக்கலாம்னு வாங்கினா ஏமாந்துருவீங்க, ஏன்னா இதுல வர்ற ஆவிங்க யாரும் பயமுறுத்த வரல, அம்மாவ பாக்க வருது, பழைய ஃப்ரெண்ட பாக்க வருது.

ஆரம்பத்துல குடும்பத்து பேய்கள் பத்தி வருது, அது நல்லா ஓடும். இவங்க அப்பா கேப்டன் ஃப்ரெடரிக் மேரியட், கடல் கதைகள் எழுதி பேர் வாங்கினவர். ரேன்ஹாம் ஹால்ங்கற பங்களாவுல பழுப்பு உடுப்பு போட்ட ஒரு பொம்பள உருவம் விளக்கோட நடந்து வர, அவர் கைத்துப்பாக்கியால சுட, உருவம் மறைஞ்சு குண்டு பின்னாடி இருந்த கதவுல பாய்ஞ்சுதாம். இணையத்துல நூறு இடத்துல சுத்தற இந்த கதைக்கு மூலம் மகள் எழுதின இந்த பக்கங்கள்தான்.

புத்தகத்தோட உயிர் ஆனா வேற இடத்துல இருக்கு. மேரியட்டுக்கு 1854-ல, இருபது வயசுல, பினாங்குல கல்யாணம், மாப்பிள்ளை மெட்ராஸ் ராணுவத்துல ஆபீசர். சில வருஷம் இந்தியாவுல குடும்பம் நடத்திட்டு 1860-ல இங்கிலாந்து திரும்பினாங்க. அந்த வருஷம் ஏப்ரல்ல மெட்ராஸ் காலாட்படையில இருந்த ஜான் பௌல்ஸ்ங்கற இளம் ஆபீசர், இவங்களுக்கு ரொம்ப நெருக்கமான நண்பர், இந்தியாவுலயே இறந்துபோறார். டிசம்பர் கடைசியில ஒரு பெண் குழந்தை பிறக்குது, தன் பேரையே வைக்கறாங்க, மேல் உதட்டுல ஒரு பக்கம் சதைய அரைவட்டமா வெட்டி எடுத்த மாதிரி இருக்கு, வாயால பால் குடிக்க முடியல, பத்தே நாள்ல போயிடுது. பல வருஷம் கழிச்சு ஒரு கூட்டத்துல வாயும் தாடையும் மூடின ஒரு இளம்பொண்ணு உருவம் தெரியுது, யாருன்னு இவங்களுக்கு புரியல, அப்புறம் இன்னொரு மீடியம்கிட்ட (ஆவிய வரவழைக்கறதா சொல்றவங்க) போன இடத்துல அதே பொண்ணு உதட்டை காட்டுது. அந்த அத்தியாயத்தை என்னால ஒரே மூச்சுல படிக்க முடியல. கைக்குழந்தையா போனது அந்தப் பக்கம் வளர்ந்து குமரியாகி வந்து நிக்குதுன்னு ஒரு அம்மா எழுதறப்போ, அதை பொய்யின்னு சொல்ல வாய் வரல.

ஆனா மீடியம்களை நான் நம்பல. உதட்டை காட்டின அந்த உருவம் வந்தது ஃப்ளாரன்ஸ் குக் நடத்தின கூட்டத்துல. இந்த குக் வரவழைச்ச 'கேட்டி கிங்' ஆவிக்கு, தாலியம் தனிமத்தை கண்டுபிடிச்ச வில்லியம் க்ரூக்ஸ் மாதிரி பெரிய விஞ்ஞானியே சாட்சி சொன்னார். வெளிச்சத்துல கேட்டி உருகிப்போனதை மேரியட் எழுதியிருக்கறது மறக்கவே மாட்டேங்குது, மூணு கேஸ் விளக்கையும் முழுசா ஏத்தறாங்க, சுவத்தோட சாஞ்சு நிக்கற உருவத்தோட கண்ணு உள்ள போகுது, மூக்கு சரியுது, மெழுகு பொம்மை மாதிரி கரைஞ்சு தரையில ஒண்ணுமே இல்லாம போகுது. இதே குக் 1880-ல இன்னொரு ஆவி வேஷத்துல கையும் களவுமா பிடிபட்டாங்க. புத்தகம் வந்தது அதுக்கு 11 வருஷம் கழிச்சு, இருந்தும் மேரியட்டோட நம்பிக்கை துளிகூட ஆடல. அந்த பிடிவாதத்துக்கு காரணம் அந்த உதடுதான்னு நான் நினைக்கறேன். கர்ப்பத்துல அம்மா பட்ட மனக்கஷ்டம் குழந்தை உடம்புல வந்துரும்னு அப்போ டாக்டர்களே நம்பின காலம், இவங்களும் அப்போ பெரிய கஷ்டத்துல இருந்தாங்க. நம்ம ஊர்ல கிரகணத்தப்போ வெளிய வந்தியான்னு உதடு பிளந்த குழந்தையோட அம்மாவ கேக்கற மாதிரிதான் அதுவும். அந்த பழியை வருஷக்கணக்கா சுமந்த பொம்பளைக்கு, குழந்தையே வந்து நல்லா இருக்கேன்னு சொல்றது என்ன மாதிரி விடுதலையா இருந்திருக்கும்!

இதை படிச்சுட்டு 'தி பிளட் ஆஃப் தி வேம்பயர்' நாவலையும் படிங்க. 1897, டிராகுலா வந்த அதே வருஷம். ஹாரியட் ப்ராண்ட்ங்கற ஜமைக்கா பொண்ணு ரத்தமே குடிக்க மாட்டா, அவ ஆசையா தூக்கி வச்சுக்கற குழந்தை வாடி செத்துப்போகும், கட்டிக்கிட்டவன் செத்துப்போவான். கர்ப்பமா இருந்த பாட்டிய வௌவால் கடிச்சதுதான் காரணம்னு ஒரு டாக்டர் சொல்லுவார். திரும்பவும் அதே பழி, வயித்துல இருக்கறப்போ பட்டது பிள்ளை மேல வந்துருச்சுங்கற அதே கணக்கு. கலப்பின பொண்ணோட ரத்தமே விஷம்னு அந்த டாக்டர் பேசறது எனக்கு கோபத்தை வரவச்சுது, ஆனா கதை அவளை கைவிடல, கடைசி வரைக்கும் அவ மேல இரக்கம்தான் வருது.

'தேர் ஈஸ் நோ டெத்'தோட பின்பாதி இழுவை. மீடியம் மாத்தி மீடியம், பூ வந்துச்சு, கை வந்துச்சு, அமெரிக்கா போனாங்க, அங்கயும் அதே. ஆர்வம் இல்லாதவங்க புரட்டிட்டு போகலாம்.

எனக்கு வந்த மறுபதிப்பு மோசம். பழைய புத்தகத்தை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர் தப்பா படிச்சதை அப்படியே அச்சடிச்சிருக்காங்க, பாதி பேர்ல எழுத்து மாறி கெடக்கு, முன்னுரை இல்ல, யாரு எவருன்னு ஒரு குறிப்பு கூட இல்ல. காப்புரிமை எப்பவோ முடிஞ்சதால இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஸ்கேன் இலவசமாவே கெடைக்குது, அதுவே தெளிவா இருக்கு. காசு குடுத்துதான் வாங்குவேன்னா உள்பக்கங்களை பாத்துட்டு, குறிப்புகள் இருக்கற பதிப்பா வாங்குங்க. புத்தகத்துக்கு அஞ்சுக்கு நாலு, இந்த அச்சுக்கு ஒண்ணு.