குடும்பத்தோடு தார்ப் பாலைவனம்: எக்ஸ்பல்ஸா, ஹிமாலயனா, 390 அட்வென்சரா?

தனியாகப் போகிறவர் எந்த பைக்கில் வேண்டுமானாலும் போகலாம், விழுந்தால் அவர் பாடு. மச்சான், தங்கச்சி, கூட வேலை பார்ப்பவர், அவர் மனைவி என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஜெய்சல்மேர் பக்கம் மண்பாதையில் சுற்றக் கிளம்பினால் கணக்கு வேறு. யூடியூபில் ஹீரோ எக்ஸ்பல்ஸ், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், கேடிஎம் 390 அட்வென்சர் என்ற இந்த மூன்று பைக்குகளை அலசுகிறவர் பெரும்பாலும் ஆறடி ஆள். மண்ணில் ஓட்டிப் பழகியவர். பின்னால் யாரும் இல்லை, பையும் இல்லை. அவர் சொல்வதில் பொய் இல்லை. நம் வீட்டு ஆட்களுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

முதலில் பாதையைப் பார்த்துவிடலாம், பைக் பிறகு. ஜெய்சல்மேரிலிருந்து ராம்கர், அங்கிருந்து தனோட், லோங்கேவாலா என்று போகும் எல்லைச் சாலை நல்ல தார்ச்சாலை. 1971 டிசம்பரில் போர் நடந்த இடத்தையும் தனோட் மாதா கோவிலையும் பார்க்க ஆக்டிவாவே போதும். அங்கங்கே காற்று மணலை வாரிச் சாலை மேல் போட்டிருக்கும். அதைக் கவனித்தால் சரி. நம் விஷயம் அந்தச் சாலையை விட்டு இறங்கியபின்தான் தொடங்குகிறது. குல்தரா, சம், கூரி என்று நகரத்துக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கும் ஊர்களுக்கு நடுவே தாணி எனப்படும் சிறு குடியிருப்புகளை இணைக்கும் மண்பாதைகள் நிறைய. பாலைவனம் என்றதும் முழுக்க மணல்மேடு என்று நினைப்போம். ஜெய்சல்மேரைச் சுற்றி அதிகமும் சரளை பரவிய கெட்டித் தரைதான். அதில் நிம்மதியாக ஓட்டிக்கொண்டு வரும்போது, ஒரு திருப்பம் தாண்டி, ஜீப் தடம் விழுந்த பொலபொல மணல் ஐம்பது அறுபது மீட்டருக்கு வரும். குழு சிதறுவது அங்கேதான். மணல்மேட்டில் ஏறுவதைப் பற்றி நான் பேசவே போவதில்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதற்கு ஒட்டகம் இருக்கிறது.

சரி, மூன்று பைக்கும் காகிதத்தில் இப்படி:

| | எக்ஸ்பல்ஸ் 210 | ஹிமாலயன் 450 | 390 அட்வென்சர் (2025) |
|---|---|---|---|
| எஞ்சின் | 210 சிசி | 452 சிசி | 399 சிசி |
| சக்தி | 24.6 பிஎஸ் | 40 பிஎஸ் | 46 பிஎஸ் |
| எடை (பெட்ரோலோடு) | 170 கிலோ அளவில் | 196 கிலோ | 183 கிலோ அளவில் |
| டேங்க் | 13 லிட்டர் | 17 லிட்டர் | 14.5 லிட்டர் |
| சக்கரம் (முன்/பின், அங்குலம்) | 21/18 | 21/17 | 21/17 |

சக்தி வரிசையை விரலால் மறைத்துவிட்டு எடை வரிசையை மட்டும் படியுங்கள். பொலபொல மணலில் நீங்கள் போகப்போகும் வேகம் முப்பது, நாற்பது. அதற்கு 24 பிஎஸ் தாராளம். 46 பிஎஸ்ஸில் செய்யக்கூடிய கூடுதல் வேலை ஒன்றே ஒன்றுதான்: பின்சக்கரத்தை இன்னும் வேகமாகப் புதைப்பது.

புதைந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தால்தான் எடையின் அருமை புரியும். கூரிக்குப் போகும் ஒரு மண்பாதையில் எங்கள் குழுவின் பெரிய பைக் ஒன்று இப்படி நின்றது. பின்சக்கரம் அச்சு வரை உள்ளே. ஸ்டாண்டு போடாமலேயே பைக் தானாக நிற்கிறது. மச்சான் பதற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திருகத் திருக, கிளட்ச் தீயும் வாடை. "மச்சான், ஆஃப் பண்ணுங்க முதல்ல" என்று தங்கச்சி கத்தினாள். பின்னாலிருந்து தள்ளினால் தள்ளுபவர் முகத்தில் மணல் கொட்டும், பைக் அசையாது. செய்ய வேண்டியது இதுதான்: பைகளைக் கழற்றிவிட்டு பைக்கைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். அப்போது சக்கரம் குழியிலிருந்து வெளியே வரும். குழியைக் காலால் மணல் தள்ளி மூடி, மேலே கொஞ்சம் காய்ந்த செடி போட்டு, பைக்கை நிமிர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஆள் ஏறாமல் பக்கத்தில் நடந்தபடியே முதல் கியரில் வெளியே கொண்டுவர வேண்டும். அந்த நிமிர்த்தும் வேலையில் ஹிமாலயனுக்குத் திடமான இரண்டு பேர் வேண்டும். எக்ஸ்பல்ஸைப் பழகிய ஒருவர், முதுகை சீட்டுக்குக் கொடுத்து, ஒரு கையில் ஹேண்டில்பாரும் மறு கையில் பின்பிடியுமாகப் பின்னோக்கி எட்டு வைத்துத் தூக்கிவிடுவார். ஒரு நாளில் இது நான்கைந்து முறை நடக்கும். மத்தியானத்துக்கு மேல் அந்த இருபத்தைந்து கிலோ வித்தியாசம் ஐம்பது கிலோவாகத் தெரியும்.

அதனால்தான், குழுவில் பெரும்பாலானவர்களுக்கு எக்ஸ்பல்ஸ் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹீரோ என்றால் ஸ்ப்ளெண்டர் கம்பெனிதானே என்று மூக்கைச் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். பாலைவனத்தில் எனக்கு அதுவே பெரிய பலம். போக்ரான், ராம்கர் மாதிரி ஊர்களில் ஹீரோ வண்டியைப் பிரித்துப் போட்டுப் பழகிய மெக்கானிக் கிடைப்பார். மற்ற இரண்டுக்கும் ஏதாவது பெரிய கோளாறு என்றால் நான் ஜோத்பூரைத்தான் நினைப்பேன். புதிய 210க்குக் காசு போதாதவர்கள் பழைய எக்ஸ்பல்ஸ் 200 4வியைப் பார்க்கலாம்: 19 பிஎஸ், ஐந்து கியர், எடை 160 கிலோவுக்குள். நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கும். மண்ணில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எக்ஸ்பல்ஸின் குறை இருக்கையின் உயரம். 830 மில்லிமீட்டர். ஐந்தேகால் அடி உள்ளவர் இரண்டு காலையும் ஊன்ற முடியாது. ஆனால் ஹிமாலயனும் 825இல்தான் தொடங்குகிறது, 845 வரை ஏற்றிக்கொள்ளலாம். அதாவது உயரத்தில் மூன்றுமே ஏறக்குறைய ஒரே கதை. சாய ஆரம்பித்தால் எதை ஒற்றைக் காலில் தாங்க முடியும் என்பதுதான் கேள்வி. அங்கே மறுபடியும் எடை வந்து நிற்கிறது. இருக்கை தாழ்வாக வேண்டுமென்றால் 800 மில்லிமீட்டரில் பழைய ஹிமாலயன் 411 இருக்கிறது. அதுவும் 199 கிலோ.

இன்னொரு குறை, ட்யூப் டயர். தார்ப் பகுதி முழுக்கக் கருவேல முள். ராமநாதபுரத்தில் பார்க்கும் அதே சீமைக்கருவேலம் அங்கேயும் பரவிக் கிடக்கிறது. பஞ்சர் ஆகாத நாள் அதிர்ஷ்ட நாள். ட்யூப்லெஸ் என்றால் வெளியிலிருந்தே அடைப்பு குத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். ஹிமாலயனுக்குக் கூடுதல் காசு கொடுத்தால் ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரம் வரும், அது கொடுக்கத் தகுந்த காசு. எக்ஸ்பல்ஸ் என்றால் குழுவுக்கு இரண்டு நெம்புகோல், ஒரு கைப்பம்பு, 21 அங்குல ட்யூப் ஒன்றிரண்டு கட்டாயம். அந்த முன்சக்கர ட்யூபை அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் திணித்து ஊர் வந்து சேரலாம். மணலுக்காகக் காற்றை இறக்கும்போதும் ட்யூப் டயரில் கை காவல் வேண்டும். இருபது பிஎஸ்ஐக்கு மிகவும் கீழே போனால் டயர் ரிம்மில் நழுவி, ட்யூபின் வால்வையே பிய்த்துவிடும்.

இப்போது ஹிமாலயன். சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் வண்டி என்ற சொந்தப் பாசத்தைத் தள்ளி வைத்துவிட்டே சொல்கிறேன்: பின்னால் ஆள் உட்காரப் போகிறார் என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். அகலமான இருக்கை, தாழ்ந்த வேகத்திலேயே இழுக்கும் 40 நியூட்டன் மீட்டர் விசை, முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் ஆடும் சஸ்பென்ஷன். சரளைத் தரையில் கணவன் மனைவியாக நாள் முழுக்கப் போகலாம், இடுப்பு வலிக்காது. தனோட் பக்கம் ராம்கருக்கு அப்பால் பெட்ரோல் பங்கை நம்பக் கூடாது. ராம்கர், தனோட், லோங்கேவாலா, மறுபடி ராம்கர் என்ற சுற்று 140 கிலோமீட்டர் அளவுதான், 13 லிட்டருக்கே அது சுலபம். இருந்தாலும் 17 லிட்டர் டேங்க் உள்ள ஒரு வண்டி குழுவில் இருந்தால் மற்றவர்களுக்குக் குழாய் போட்டு எடுத்துக் கொடுக்கலாம். பொலபொல மணல் வந்தால் மட்டும் ஒரு விதி: பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டும். "நான் உக்காந்தே வர்றேன், நீங்க மெதுவா போங்க" என்று அண்ணி சொன்னாலும் கேட்காதீர்கள். மெதுவாகப் போனால்தான் மணலில் விழும்.

குழந்தைகள் விஷயத்திலும் இதே கண்டிப்பு. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தை சட்டப்படி ஓர் ஆள் கணக்கு. அப்பா, அம்மா, நடுவில் குழந்தை என்பது அங்கேயும் குற்றம். அதற்குக் கீழே என்றால் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் மாட்டி, நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குள் போக வேண்டும் என்பது 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறை. மண்பாதையில் இந்த இரண்டுமே வேண்டாம் என்பேன். ஜெய்சல்மேரில் பொலேரோ கேம்பர் ஒன்றை டிரைவரோடு பேசிவிட்டால் குழந்தைகள், பெரியவர்கள், தண்ணீர், பைகள் எல்லாம் அதில் போய்விடும். பைகள் பைக்கில் இல்லை என்றால் ஹிமாலயன்கூடக் கொஞ்சம் இளைத்த மாதிரி நடந்துகொள்ளும்.

390 அட்வென்சரை நான் கடைசிக்குத் தள்ளியது அது மோசம் என்பதால் அல்ல. மூன்றில் ஓட்ட இனிமையானது அதுதான். சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் அதில்தான் உண்டு. நெடுஞ்சாலையில் நூற்றுப் பத்தில் போகும்போது சும்மா நடந்து போவது போல இருக்கும். ஆனால் அதன் எஞ்சின் சுழற்சி ஏறினால்தான் சிரிக்கும். பழகாத கைக்கு மணலில் அது பகை. டக்கார் பாலைவனப் பந்தயத்தை 2001 முதல் 2019 வரை தொடர்ந்து வென்ற கம்பெனி கேடிஎம் என்று நண்பர்கள் பெருமை பேசுவார்கள். ஹீரோவின் பந்தய வீரர் ராஸ் பிராஞ்சும் 2024 டக்காரில் இரண்டாம் இடம் வந்தவர்தான். அந்தக் கோப்பைகள் எதுவும் உங்கள் பைக்கைக் குழியிலிருந்து தூக்காது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 2025க்கு முந்தைய 390 அட்வென்சருக்கும், இப்போதைய மலிவு வடிவமான எக்ஸுக்கும் முன்சக்கரம் 19 அங்குலம். சரளைக்கு அது போதும், மணலில் உழும்.

என் கணக்கில், ஆறு பைக் போகும் குழுவுக்கு நான்கு எக்ஸ்பல்ஸ், ஓர் ஹிமாலயன், ஒரு கேடிஎம். கேடிஎம்காரர் முன்னே போய்ப் பாதை பார்த்து வரட்டும், அவருக்கும் பொழுது போகும். ஹிமாலயன் கடைசியில், நிதானமான ஆள் கையில். நடுவில் போகிறவர்களுக்கு ஒரே ஏற்பாடு: திருப்பம் வரும் இடத்தில் ஒருவர் நின்று, கடைசி வண்டி கண்ணில் படும் வரை நகரக் கூடாது. புழுதியில் முன்னால் போகிறவரின் சக்கரத்தைத் துரத்திக்கொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல். செல்போன் சிக்னலும் எல்லைப் பக்கம் வரும், போகும். ஆறு பேரும் ஒரே மாதிரி பைக் வைத்திருந்தால் உதிரிபாகம் சுலபம் என்று ஒரு வாதம் உண்டு. நியாயம்தான். ஆனால் அதற்காக ஐந்தடித் தங்கச்சியை 196 கிலோவில் ஏற்றுவது சரியில்லை.

அங்கே எப்படிப் போய்ச் சேர்வது என்பதும் தேர்வை மாற்றும். சென்னையிலிருந்து ஜெய்சல்மேர் ஒரு பக்கமே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதை ஓட்டியே தீருவேன் என்பவருக்கு மேலே சொன்ன வரிசை தலைகீழ்: கேடிஎம், ஹிமாலயன், கடைசியில் எக்ஸ்பல்ஸ். குடும்பத்தோடு போகிறவர்கள் ரயில் பார்சலில் ஜோத்பூருக்கு அனுப்பலாம். டேங்க்கை வற்ற வடித்து, சாக்கு சுற்றி, ஆர்சி நகலோடு கொடுக்க வேண்டும். நீங்கள் போகும் நாளில் பைக்கும் வந்து நிற்கும் என்று எண்ணாமல் சில நாள் முன்பே அனுப்புங்கள். வாடகைக்கு எடுப்பது இன்னும் சுலபம், ஆனால் கிடைப்பது பெரும்பாலும் பழைய ஹிமாலயன் 411தான். எக்ஸ்பல்ஸ் வேண்டுமென்றால் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியாகப் பார்த்து எடுங்கள், அதுதான் முறைப்படி வாடகைக்கு விடும் வண்டி. சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றமும் எக்ஸ்பல்ஸ் பக்கமே சாய்கிறது. 350 சிசிக்குக் கீழே வரி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, மேலே 40 ஆனது.

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். அதே பக்கத்து பலோடியில்தான் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவானது. குளிர்காலக் காலையில் மணல் குளிர்ந்து இறுகியிருக்கும், கஷ்டமான பாதைகளைப் பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். தடம் இல்லாத இடத்தில் புகுந்து ஓட்ட வேண்டாம். பாலைவன தேசியப் பூங்காவும் ஊர்க்காரர்கள் காக்கும் ஓரண் காடுகளும் அங்கேதான் இருக்கின்றன, எஞ்சியிருக்கும் கொஞ்சம் கானமயில்கள் தரையில்தான் முட்டையிடும். அப்புறம், சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஆளுக்கொரு சின்னப் பலகைத் துண்டு. இல்லையென்றால் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் மூன்று பைக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும்.