இன்குபேஷன் மையமா, பட்டறையா?

படிக்கும்போதே சொந்தத் தொழிலை யோசிக்கும் கோவை, ஈரோடு மாணவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. புதுத் தொழில் தொடங்குபவர்களுக்குக் கைகொடுக்கும் கல்லூரி இன்குபேஷன் மையத்தில் சேர்வதா, கோவை கணபதி பக்கம் ஒரு பட்டறையில் வேலை பழகுவதா?

செலவு
மையம்: இடம், கருவி, வழிகாட்டி எல்லாம் ஒரே வளாகத்தில். கோவை பீளமேட்டில் பிஎஸ்ஜி ஸ்டெப் என்ற மையம் 1998-இலிருந்து இருக்கிறது. பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியிலும் மையம் உண்டு.
பட்டறை: பஸ் காசுதான்.

கற்பது
மையம்: காப்புரிமை, திட்ட அறிக்கை, முதலீட்டாளரிடம் பேசும் விதம்.
பட்டறை: வார்ப்பில் எங்கே ஓட்டை விழும், லேத்தில் எவ்வளவு கழியும், பாக்கிப் பணம் எத்தனை நாள் இழுக்கும், இதெல்லாம் கை அழுக்கானால்தான் தெரியும். மலிவு விலை நாப்கின் இயந்திரத்துக்காக 2016-இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை அருணாசலம் முருகானந்தம் வெல்டிங் பட்டறையிலிருந்து வந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். உங்களிடம் படிப்பும் இருக்கிறதே!

மானியம்
புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டத்தில் திட்ட மதிப்பில் 25% மானியம், உச்சவரம்பு 75 லட்சம். எந்த வழியில் வந்தாலும் விண்ணப்பிக்கலாம்.

சரி, யாருக்கு எது? செயலி, மென்பொருள், மருத்துவக் கருவி என்றால் மையம். பம்பு, மோட்டார், பின்னலாடை இயந்திர உதிரிபாகம் என்றால் ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பட்டறையில் இருங்கள். மாதிரிப் பொருள் கையில் வந்த அப்புறம் மையத்துக்குப் போங்கள்.